சின்னம்மாவுக்கு வைத்த பான்கேக்

பாண் வந்த பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றி, அதற்கு மேல் பனிச்சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், குற்றமில்லை. ஆனால் மொன்ட்ரியாலில் கறித்தூள் வாங்கவே ஊரைச் சுற்ற வேண்டியிருந்த காலத்தில் வந்திறங்கி, பெரியவர்களுக்கு மொழிபெயர்த்தே நாக்குத் தேய்ந்த கூட்டம் நாம். இப்போது நமக்கு முழங்கால் பிடிக்கிறது. வாசற்படியில் பனி உருக உப்புப் போட யாராவது வரமாட்டார்களா என்று ஜன்னலால் எட்டிப் பார்க்கிறோம். நம்மைப் பெற்றவர்கள் செய்தது சரியா பிழையா என்று வாய் திறக்க இப்போதுதான் நமக்குத் துணிவு வந்திருக்கிறது. அதற்குள் அவர்களில் பலர் போய்விட்டார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு மாசி மாதத்தைப் பற்றி. எனக்கு அப்போது பதினொரு வயது. லாசாலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி, உள்ளே வீட்டைச் சூடாக்க எந்நேரமும் சீறிக்கொண்டிருக்கும் ரேடியேற்றர். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மாவுக்கு பிஸ்கற் தொழிற்சாலையில் பகல் வேலை. தம்பி கைக்குழந்தை, குளிர் தொடங்கினால் அவனுக்கு மூச்சிழுப்பும் தொடங்கிவிடும். அவனையும் என்னையும் பார்த்துக்கொண்டது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. பார்த்ததோடு சமைத்தார், கழுவினார், மிச்ச நேரத்தில் பின்னறையில் இருந்து சேர்ட் கொலர் தைத்தார். அந்த மெஷின் சத்தத்தில்தான் தம்பி நித்திரை கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓயும்போது அவன் அழுவான்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரி இருந்தார். யுத்தகாலத்தில் இங்கிலாந்தில் ஒரு கனடாச் சிப்பாயைக் கட்டிக் கப்பலில் வந்தவர். நாங்கள் போனபோது அந்தச் சிப்பாய் இறந்து, அவருடைய கதிரை மட்டும் ஜன்னலோரத்தில் இருந்தது. நாங்கள் அவரை ‘மிஸிஸ்’ என்று கூப்பிடுவோம், பெயர் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு. என்னுடைய ஆங்கிலம் முழுவதும் மிஸிஸின் குசினியில் கற்றது, பட்டர் மணக்கும் ஆங்கிலம்.

மிஸிஸுக்கு ஒரு விசித்திரம் இருந்தது. கிறிஸ்மஸுக்கு இந்த ஊர்க்காரர்களைப் போலத்தான் இருப்பார். அது முடிந்து, பனி கறுத்து, எல்லாருக்கும் உயிர் வெறுத்துப்போகும் மாசி பங்குனியில்தான் அவருக்கு அடுத்தடுத்துப் பெருநாள்கள் வரும். எல்லாம் தாயின் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. தேவாலயத்துக்கு அவர் போய் நான் கண்டதில்லை. பெருநாளை மட்டும் விடமாட்டார்.

முதலில் வருவது மெழுகுதிரிப் பெருநாள், மாசி, அதாவது பெப்ரவரி, இரண்டாம் திகதி. அதற்கு முதல் நாளே கிறிஸ்மஸுக்குக் கட்டிய பச்சை இலை தழை ஒன்றும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. மிஞ்சுகிற ஒவ்வோர் இலைக்கும் அந்த வீட்டில் ஒரு சாவு விழும் என்று அவருடைய ஊரில் சொல்வார்களாம். கணவர் இறந்த வருடம் கதிரைக்குப் பின்னால் ஒரு சருகு கிடந்ததைப் பங்குனியில்தான் கண்டாராம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் கதிரையைப் பார்த்தார். அவருக்குக் குனிய முடியாது. அதனால் சின்னம்மாவைக் கூப்பிடுவார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஒருவர் ரோர்ச் வெளிச்சம் பிடிக்க, மற்றவர் தவழ்ந்து தவழ்ந்து ஊசியிலை பொறுக்குவார். ரேடியேற்றருக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துச் சின்னம்மா காட்டியபோது, மிஸிஸ் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டதை நான் கண்டேன். சின்னம்மா கூச்சத்தில் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, துடைத்ததற்கும் வெட்கப்பட்டார்.

பிறகு ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மெழுகுதிரி. அந்தக் காலத்தில் வருடம் முழுவதற்குமான திரிகளை அன்றைக்குத்தான் தேவாலயத்தில் ஆசீர்வதிப்பார்களாம். ஒரு காலத்தில் அரசாங்கமே வேண்டாம் என்று தடை செய்துவிட்டதாம், சனங்கள் கேட்காமல் வீட்டுக்குள் கொளுத்தினார்களாம். நான் இதை மேலே வந்து சொன்னபோது அம்மாவுக்கு மிஸிஸ் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

“பாத்தியளே, வெள்ளைக்காரருக்கும் எங்களைப் போலை விளக்கீடு இருக்கு, சகுனம் இருக்கு. உவ சும்மா ஆளில்லை” என்றார் அப்பாவிடம்.

அப்பா சிரித்தார். “சருகுக்கெல்லாம் ஆள் சாகிறதெண்டால் இந்த ஊரிலை ஒருத்தரும் மிஞ்ச மாட்டினம்.”

அம்மா சிரிக்கவில்லை. அவர் சகுனத்துக்கு மொழி பார்க்கிறவர் அல்ல. எந்தப் பாஷையில் வந்தாலும் நம்புவார்.

கொலர் தைப்பதற்கான துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறவர் கட்டிங் மாமா. தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர் என்பதால் எனக்கு அவர் கட்டிங் மாமா. திங்கட்கிழமை அவருடைய வான் வண்டியில் துணி வரும், வெள்ளிக்கிழமை தைத்ததை ஏற்றிக்கொண்டு போவார். வரும்போதெல்லாம் தம்பிக்குத் தோடம்பழம் கொண்டுவருவார். பல் முளைக்காத பிள்ளைக்குத் தோடம்பழம் எதற்கு என்று நான் யோசித்ததில்லை, நானே தின்றுவிடுவேன். ஆனால் திங்கட்கிழமைகளில் சின்னம்மா தலை முழுகிவிட்டு ஈரத்தோடு ஜன்னலடியில் நிற்பதைக் கவனித்தேன். தைக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினார். அதுவரை அவருக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது.

தை மாதக் கடைசியில் கட்டிங் மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே இருந்தார். தான் வசந்தத்தில் ரொறன்ரோ போவதாகவும், சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு போக விரும்புவதாகவும் நேரே கேட்டார். சுற்றி வளைக்கிற ஆள் அவர் இல்லை. அப்பாவுக்குச் சந்தோஷம். அம்மா “பாப்பம்” என்றார். பின்னறையில் மெஷின் ஓடவில்லை, சின்னம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்.

அவர் போன பிறகு குசினியில் அம்மாவின் குரல் கேட்டது. “அவள் போனா உதுகளை ஆர் பாக்கிறது? நான் வேலையை விடவோ?”

“அதுக்காக அந்தப் பெட்டையைக் கட்டி வைக்கேலுமே?” என்றார் அப்பா.

“நான் வேண்டாமெண்டே சொன்னனான்? சாதகத்திலை செவ்வாய்க் குற்றம் கிடக்கு. யோசிச்சுச் செய்வம் எண்டுதான் சொல்லுறன்.”

சின்னம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிவரும்போது அந்தச் செவ்வாய்க் குற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அதை அன்றைக்கு நினைக்கவில்லை. நான் செய்தது வேறு. குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, கட்டிங் மாமாவின் வான் பழுதாகிப் போக வேண்டும் என்று கும்பிட்டேன். சின்னம்மா இல்லாமல் எனக்கு நித்திரை வராது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படுப்பதுதான் என் பழக்கம், பதினொரு வயதில் வெளியே சொல்ல வெட்கமான பழக்கம்.

அந்த மாசி நடுவில் பான்கேக் செவ்வாய் வந்தது. அடுத்த நாள் கிறிஸ்தவர்களுக்கு நாற்பது நாள் நோன்பு தொடங்கும். அதற்கு முன் வீட்டிலுள்ள முட்டை, பட்டர், பால் எல்லாவற்றையும் சுட்டுத் தின்று தீர்த்துவிட வேண்டும். மிஸிஸின் ஊரில் அன்று மணி அடிக்குமாம். மணி கேட்டு ஒரு பெண் சுட்டுக்கொண்டிருந்த தாச்சிச் சட்டியோடும் பான்கேக்கோடும் தேவாலயத்துக்கு ஓடினாளாம், அதிலிருந்து பெண்கள் தாச்சி பிடித்துக்கொண்டு ஓடும் பந்தயம் வந்ததாம். அந்த வருடம் மிஸிஸ் எங்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். சின்னம்மாவுக்காகக் கட்டிங் மாமாவையும் கூப்பிடச் சொன்னார். பட்டப்பகலில் மூக்குக்கண்ணாடியோடு ஜன்னலில் இருக்கிறவர், ஈரத்தலையையும் வானையும் காணாமல் விடுவாரா.

பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் பந்தயம் வைத்தார். பனியை உழுது தள்ளியதில் நடுவே ஒரு பாதை. நானும் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுப் பிள்ளைகளும் சின்னம்மாவும் ஆளுக்கொரு தாச்சி. பான்கேக்கை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சின்னம்மா அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டு, நீளப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். சின்னம்மா ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மிஸிஸ் படியில் நின்று சிறிய கைமணியை அடித்தார். ஒழுங்கை முனையில் வானில் சாய்ந்து நின்ற கட்டிங் மாமா கைதட்டினார். சின்னம்மா முதலாவதாக வந்து, மூச்சிரைக்க, கிழிந்த பான்கேக்கை அவருக்கு நீட்டினார். அவர் அதை இரண்டாகப் பிய்த்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் பனிக்குள் நின்று தின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் மேசை. மிஸிஸின் கணவர் நியூபவுண்ட்லண்ட் ஆள். அங்கே பான்கேக்குக்குள் சின்னச் சின்னச் சாமான்களை வைத்துச் சுடுவார்கள். காசு வந்தால் பணக்காரர், ஆணி வந்தால் தச்சன், பொத்தான் வந்தால் கட்டைப் பிரமச்சாரி. மோதிரம் வந்தால் அந்த ஆளுக்குக் கலியாணம். மிஸிஸ் அதைச் சொல்லி எங்களைக் கவனமாகக் கடிக்கச் சொன்னார். நீலப்பூப் போட்ட தட்டுகளில் ஆளுக்கொன்றாக எடுத்து, பெண்களின் கதிரைகளுக்கு முன்னால் முதலில் வைத்தார். சின்னம்மாவின் தட்டைத் தன் கையால் இரண்டு தரம் திருப்பிச் சரிபார்த்து வைத்தார்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முட்டை தொடாதவர் என்பதால் அவர் சாப்பிட இருக்கவில்லை, பரிமாற நின்றார். விருந்தாளி வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக் குமர் முன்னால் தட்டு இருப்பதாவது! “அவருக்கு முதல் வையுங்கோ” என்று தமிழில் சொல்லிக்கொண்டே சின்னம்மாவின் தட்டை எடுத்துக் கட்டிங் மாமாவுக்கு வைத்தார். அடுத்ததை அப்பாவுக்கு, பிறகு எனக்கு. கடைசியாக வந்ததைச் சின்னம்மாவுக்கு. மிஸிஸின் கை பாதிவழி எழும்பி, பிறகு கீழே இறங்கியது. அம்மா நல்ல முறையாகச் செய்துவிட்ட திருப்தியோடு நின்றார். நம் வீடுகளில் அதுதானே முறை, எங்களில் யாருக்கும் அது பிழையாகவே தெரியவில்லை.

கட்டிங் மாமாவின் பல்லில் மோதிரம் பட்டது. அப்பா மேசையில் தட்டிச் சிரித்தார். கட்டிங் மாமா மோதிரத்தைத் துடைத்து, விரல்நுனியில் வைத்துக்கொண்டு சின்னம்மாவைப் பார்த்தார். அதற்கு விளக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சின்னம்மா குனிந்துகொண்டு தன்னுடையதைக் கடித்தார். உள்ளே இருந்து வந்தது, தையல்காரர் ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் தகர மூடி.

“திம்பிள். உதுக்கு என்ன கருத்து?” என்று அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். மிஸிஸ் விளையாட்டுத்தானே என்று மழுப்பினார். அப்பா விடவில்லை. நன்றாகத் தைப்பாள் என்று சிலர் சொல்வார்கள், தனியாக இருப்பாள் என்று சிலர் சொல்வார்கள், எல்லாம் பைத்தியக்காரப் பேச்சு என்றார் மிஸிஸ்.

“கலியாணம் ஆகாதாம்!” என்று அப்பா பகிடியாக மொழிபெயர்த்தார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார், அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.  சின்னம்மா அந்த மூடியை விரலில் மாட்டிப் பார்த்து, “அளவாத்தான் கிடக்கு” என்று சிரித்தார்.

எனக்கு அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பிள்ளையார் வானை விட்டுவிட்டு வேறு வழி பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். என் பங்கு பான்கேக்கில் ஒன்றும் இருக்கவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

மறுநாள் அம்மாவுக்கு வேலை இல்லை. காலையில் மிஸிஸ் உறைந்துபோன இரும்புப் படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மோதிரம் வைத்த பான்கேக்கை அவர் விளிம்பில் கிள்ளி அடையாளம் வைத்திருந்தாராம். அது சின்னம்மாவுக்கென்றே சுட்டதாம். அம்மா தட்டை மாற்றியபோது தடுத்தால் அவமரியாதையாகிவிடும் என்று பேசாமல் இருந்தாராம். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். அந்த மோதிரம் அவளுடையது, அதை அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

அம்மா மா பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டு நின்றார். “ஓம், ஓம். தாங்க் யூ” என்றார். கதவைச் சாத்திய பிறகு என்னிடம் குனிந்து, “உதைச் சின்னம்மாவிட்டைச் சொல்லி அவளின்ரை மனதைக் குழப்பிப் போடாதை. என்ன?” என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்ட எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டிங் மாமா வந்தார். அம்மா அவரை இருக்கச் சொல்லாமல் வாசலிலேயே கதைத்தார். “சாதகத்திலையும் குற்றம் கிடக்குத் தம்பி. இப்ப அந்த மனுசி வீட்டிலையும் அப்பிடி வந்திட்டுது. உங்கடை உயிருக்கு ஒண்டு எண்டால் நாங்கள் தாங்குவமே?”

“உதுகளை நான் நம்பிறேல்லை அக்கா. அவவைக் கேட்டனீங்களோ?”

“அவளுக்கும் பயம். விருப்பமில்லை எண்டு சொல்லிப் போட்டாள்.”

சின்னம்மா அப்போது தம்பியை டொக்டரிடம் கொண்டுபோயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா கதைத்தார் என்பது எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் உறைத்தது. கட்டிங் மாமா கொலர்க் கட்டுகளை எண்ணாமலே எடுத்துக்கொண்டு போனார். தோடம்பழப் பையை மறந்து வாசலில் விட்டுவிட்டார். திங்கட்கிழமை துணி கொண்டுவந்தவர் வேறு யாரோ ஒரு போர்த்துக்கேயர். சின்னம்மா ஈரத்தலையோடு ஜன்னலில் நின்றுவிட்டு உள்ளே போனார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மிஸிஸோடு அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆளைப் பிடிக்காமல் இல்லை, அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. பங்குனியில் மிஸிஸின் கடைசிப் பெருநாள் வந்தது, தாய்மார் ஞாயிறு. பெரிய வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்த பெட்டைகளுக்கு, நோன்பின் நடுவில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்துத் தாயைப் பார்க்க அனுப்புவார்களாம். அவர்கள் வழியில் பூப் பறித்துக்கொண்டு கேக்கோடு வீட்டுக்குப் போவார்களாம். படியில் என்னை மறித்து, பாதாம் மணக்கும் ஒரு கேக்கைக் கையில் தந்தபடி மிஸிஸ் இதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்: “உன்னுடைய சின்னம்மாவுக்கு எந்த நாள் விடுமுறை?”

அவர் பாரமில்லாமல்தான் கேட்டார்.  மேலே போய்க் கேக்கைக் கொடுத்தேன், கேள்வியை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வருடம் மொன்ட்ரியால்-நோருக்கு வீடு மாறினோம். அம்மா லாசால் வீடு ராசியில்லை என்றார். பிறகும் இரண்டு மூன்று சம்பந்தங்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அந்தத் தகர மூடியின் கதை சபைக்கு வரும். வரவரக் கதை பெரிதாகி, மிஸிஸ் ஏதோ பெரிய சாத்திரக்காரி ஆகிவிட்டார். தம்பியின் இழுப்பு மாறியது. அவன் படித்தான், இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். நானும் படித்தேன். எங்கள் சாப்பாட்டுப் பெட்டி, மடித்த உடுப்பு, காய்ச்சல் கஞ்சி, என் கலியாணச் சேலையின் சட்டை வரைக்கும் அந்தக் கையால்தான் வந்தது. என் மகளையும் அவர்தான் வளர்த்தார். கொண்டாட்டங்களில் எல்லாரும் “சின்னம்மா இல்லாட்டி நாங்கள் இல்லை” என்போம், படம் எடுப்போம். அவருக்கு என்று ஒரு நாள் இருந்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தால் எங்களுக்கு நட்டம் என்பதால் பார்க்கவில்லை. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மா போன வருடம் ஐப்பசியில் இறந்தார். சின்னம்மா லாசாலில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கிறார். அறுபதைத் தாண்டிவிட்டார், விரல்கள் கோணிவிட்டன. என் மகள் லொங்குய்யில் இருக்கிறாள், சித்திரையில் அவளுக்குப் பிள்ளை பிறக்கும். எந்தப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் இடம் இல்லை. சின்னம்மா போய் நிற்பார் என்று எங்களுக்குள்ளேயே முடிவாகிவிட்டது. யாராவது போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் பான்கேக் செவ்வாயன்று நான் போனேன். அந்த நாளை வேண்டுமென்றே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. மோதிரக் கதையை முதலில் சொல்லி, நெஞ்சில் இருந்ததை இறக்கிவிட்டு, பிறகு மற்றதைக் கேட்பது என் திட்டம். மன்னிப்பும் வேண்டும், ஆளும் வேண்டும்.

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி அளவு மறக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், மிஸிஸ் படியேறி வந்ததையும், விளிம்பைக் கிள்ளியதையும், அம்மா சொல்ல வேண்டாம் என்றதையும்.

“அது எனக்குத் தெரியும் பிள்ளை” என்றார் சின்னம்மா. “நீ தமிழிலைதானே உரத்துச் சொன்னனி. நான் பின்னறையிலை மெஷினை நிப்பாட்டிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

“பேந்து ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“நீங்கள் ஆராவது வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அக்கா சொல்லமாட்டா, அது தெரியும். நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன். பக்கத்திலைதானே படுத்தனி.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு உதவவில்லை. வெளியே பனி அள்ளும் வண்டி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. நான் அழுதேன், அவர் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தார். “வேறை என்ன, ஏதும் அலுவலோ?” என்று கேட்டார்.

வெட்கம் கெட்டவள், கேட்டேன். மகளுக்குச் சித்திரையில் நாள் வருகிறது, ஒரு வருடம் போய் நின்றால் போதும், தனி அறை இருக்கிறது, கார் கொண்டுவந்து ஏற்றுவோம் என்றேன்.

“ஏலாது பிள்ளை” என்றார் சின்னம்மா.

காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன். கை வருத்தம் என்பார், குளிர் என்பார் என்று பார்த்தேன். அவர் என் கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் நான் மறைக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு காலம் நாங்கள் பார்க்கவில்லையா, ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோனது, குளிர்க் கோட்டு யார் வாங்கிக் கொடுத்தது என்று மனம் பட்டியல் போட்டது. அழுத கண் காயவில்லை, அதற்குள் அம்மா எழும்பி எனக்குள் நின்றார். வெட்கம் பிறகுதான் வந்தது, காருக்குள் ஏறி, எஞ்சினைப் போடாமல் குளிருக்குள் இருந்தபோது. ஏன் ஏலாது என்று திரும்பிப் போய்க் கேட்க ஒரு தரம் கதவைத் திறந்தேன். திரும்பச் சாத்தினேன்.

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் பேஸ்மென்டில் சின்னம்மாவுக்கென்று ஓர் அறைக்குப் பெயின்ற் அடித்து, கட்டிலும் போட்டு வைத்திருக்கிறாள்.